காட்டுப்பண்டி ரெண்டே முட்டில கொல்லுது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எங்கட வீட்டில கனகாலமா எடுக்கிறம், ஆனா கடிதம் எண்டு நான் எழுதுறது இதுதான் முதல் தரம். வீடியோ கேம் பத்தித்தான் எழுதுறன். படிப்பைக் கெடுக்குது, கண்ணைக் கெடுக்குது எண்டு எழுத நிறையப் பேர் இருக்காங்க, நான் அதுக்கு வரேல்ல. ஆக்‌ஷன் ஆர்பிஜி எண்டு ஒரு வகை இருக்குத்தானே, வாளையோ வில்லையோ தூக்கிக்கொண்டு போய் அடிபட்டு அடிபட்டு லெவல் ஏறிப் போறது, அதில முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தை எவ்வளவு கஷ்டமா வைக்கவேணும் எண்டதுதான் என்ட விசயம். எங்கட ஊர்ப் பெடியள் இப்ப தாங்களே லப்டொப்பில கேம் செய்யத் தொடங்கிட்டாங்கள், இதைப் பத்தித் தமிழில வாசிக்கத் தேடினா அவங்களுக்கு ஒண்டும் கிடைக்குதில்ல.

என்ட அக்காட மகன் உப்புவெளியில இருக்கிறான். ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் சும்மா இருந்த நேரத்தில கோடோ எண்ட இலவச எஞ்சினை, கேம் செய்யிற மென்பொருளை, இறக்கி ஒரு கேம் செய்யத் தொடங்கினவன். ஒரு பெடியன் காட்டுக்குள்ள இடிஞ்ச கோயில் ஒண்டைத் தேடிப் போறான், அதுதான் கதை. குளம், குளக்கட்டு, பாலை மரம், மரப்பாலம் எல்லாம் அவனே கீறினது, பாத்தா கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. முதலாவது எதிரி ஒரு காட்டுப்பண்டி.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் போயிருக்கேக்க பக்கத்து வீட்டுப் பெடியன், 13 வயசு இருக்கும், அவனைக் கூப்பிட்டு இருத்தி விளையாட விட்டான். நாங்க ரெண்டு பேரும் பின்னுக்கு நிண்டு பாத்தம். பண்டி வந்து முட்டிச்சு, பாதி ஹெல்த், அதாவது ஆளிட உயிர்க் கணக்கில பாதி, போச்சு. என்ன நடந்தது எண்டு பெடியனுக்கு விளங்க முதல் ரெண்டாவது முட்டு, ஆள் சரி. திரும்பத் தொடக்கத்தில இருந்து குளக்கட்டால நடந்து பாலத்தடிக்கு வர ஒண்டரை நிமிசம், வந்தவுடன திரும்பச் சாவு, திரும்ப ஒண்டரை நிமிசம். இப்பிடி ஆறு தரம். அக்காட மகன் பொறுக்க ஏலாம "இடப்பக்கம் உருளு, இப்ப உருளு, ஐயோ முந்தி உருளவேணும்" எண்டு சொல்லிக்கொண்டே நிக்கிறான். ஏழாவது தரம் செத்தவுடன பெடியன் கொன்ட்ரோலரை மெதுவா மேசையில வச்சிட்டு, "நல்லாயிருக்கு அண்ணா, அம்மா தேடுவா" எண்டு எழும்பிப் போயிட்டான்.

அவன் போன பிறகு என்ட மருமகன் சொல்லுறான், "மாமா, அது லேசான பண்டி, நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன்" எண்டு. அவன் சொன்னது உண்மைதான். அந்தப் பண்டியை அவன்தானே செய்தவன், ஒவ்வொரு நாளும் அதோட சண்டை பிடிச்சுப் பிடிச்சு எப்ப பாயும் எண்டு அவன்ட விரலுக்கே தெரியும், அதால அவனுக்கு லேசாத் தெரிய லேசாத் தெரிய இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். விளையாடுறவன்ட ஹெல்த் 100, பண்டிட ஒரு முட்டுக்கு அதில 55 போயிடும்.

நான் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் குடுக்கிறன். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தப் பழக்குற முதல் நாளே முன்னுக்கு 6 எண்டு குணகம் இருக்கிற கோவையைக் கரும்பலகையில எழுதினா அரைவாசி வகுப்பு பேனையைக் கீழ வச்சிடும், பிறகு லேசான கணக்கைக் குடுத்தாலும் கை எடுக்க மாட்டாங்கள். அதுக்காக எல்லாக் கணக்கையும் நானே கரும்பலகையில செய்து காட்டினாலும் அவங்களுக்கு ஒண்டும் ஏறாது. பிள்ளை பிழை விடவேணும், பிழை எந்த வரியில எண்டு பிள்ளைக்கே தெரியவேணும், திரும்பச் செய்ய நேரம் இருக்கவேணும். கேமிலயும் இதையேதான் நான் பாக்கிறன். செத்தவனிட்ட "ஏனடா செத்தாய்?" எண்டு கேட்டா அவனுக்கு மறுமொழி தெரியவேணும். அந்தப் பெடியனிட்டக் கேட்டிருந்தா "தெரியாது, பண்டி கொண்டிட்டு" எண்டுதான் சொல்லியிருப்பான்.

நான் முதல் முதல் விளையாடின ஆக்‌ஷன் ஆர்பிஜி டயப்லோ 2. அது 2000ஆம் ஆண்டு வந்தது, எங்களுக்குக் கிடைச்சது சமாதான காலத்தில கொழும்பில இருந்து மச்சான் கொண்டுவந்த சீடியில. அதில முதல் வெளியில வாற சொம்பிகள் ஆடி ஆடித்தான் வரும், ஓடித் தப்பலாம். பிறகு சிவப்பு நிறத்தில சின்னச் சின்னப் பிசாசுகள் கூட்டமா வரும், ஃபாலன் எண்டு பேர், ஒண்டைக் கொண்டா மற்றதுகள் பயந்து ஓடிப் போட்டுக் கொஞ்சத்தால திரும்பி வரும், அந்த இடைவெளியில நீங்க மூச்சு எடுக்கலாம். அதுக்குப் பிறகு செத்ததுகளை எழுப்புற ஷாமன் ஒருத்தன் பின்னுக்கு நிப்பான். முன்னுக்கு நிக்கிறதுகளை எவ்வளவு வெட்டினாலும் முடியாது, அவனைத்தான் முதல் பிடிக்கவேணும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்ல, ஒரு எழுத்தும் வரேல்ல, நாலஞ்சு தரம் சறுக்கின பிறகு நாங்களே கண்டுபிடிச்சம். அண்டைக்கு மச்சானும் நானும் கத்தின கத்தில அம்மம்மா எழும்பி வந்திட்டா. முதல் குகையை முடிச்சவுடன புதுத் திறமை ஒண்டை எடுக்க ஒரு ஸ்கில் பொயின்ட் கையில தருவாங்கள். பயம், விளக்கம், பரிசு எல்லாம் முதல் குகையிலயே கிடைச்சிட்டுது.

கஷ்டமான கேம் எண்டா எல்லாரும் 2011ல வந்த டார்க் சோல்ஸைத்தான் சொல்லுவாங்க, ஹிடெடாகா மியாசாகி இயக்கினது. என்ட மருமகனும் அதைக் காட்டித்தான் என்னோட வாதாடினான், "அதில முதல் பாஸே கொல்லுதுதானே மாமா". ஆனா அந்த முதல் பாஸை, அதாவது முதல் வாற பெரிய எதிரியை, வடிவாப் பாருங்க. நீங்க அந்தப் பெரிய பிசாசிட்ட முதல் போகேக்க உங்கட கையில உடைஞ்ச வாள் பிடி மட்டும்தான். பக்கத்தில ஒரு கதவு திறந்திருக்கும், ஓடச் சொல்லி நிலத்திலயே எழுதியிருக்கும். ஓடிப் போய்க் கேடயம், வாள், குடிச்சா ஹெல்த் ஏறுற போத்தல் எல்லாம் எடுத்துக்கொண்டு சுத்தி வந்தா, அதே பிசாசுட தலைக்கு மேல மாடியில நிப்பீங்க, மேல இருந்து பாய்ஞ்சு குத்தினா அதிட ஹெல்த்தில பெரிய துண்டு ஒரே அடியில போயிடும். முதல் தரம் ஓட வச்ச அதே சாமானை ரெண்டாந்தரம் நீங்க விழுத்துறீங்க. ஓடுறது வெக்கம் இல்ல, தயாராகி வா எண்டு 20 நிமிசத்துக்குள்ள படிப்பிச்சு முடிச்சிடுது. அங்கால போனா சுடுகாட்டில எலும்புக்கூடுகள் இருக்கிற பாதையும் திறந்தே கிடக்கும், கனபேர் அதுதான் வழி எண்டு போய்ச் செத்துச் செத்து வெறுத்தவங்கள், அந்த இடத்தில அந்த கேம் சறுக்கினது எண்டுதான் நான் சொல்லுவன்.

2022ல வந்த எல்டன் ரிங்ல தொடங்கின கொஞ்சத்திலயே வெட்டவெளியில தங்கக் கவசத்தோட குதிரையில ஒருத்தன் திரிவான். கிட்டப் போனா நசுக்கிப் போடுவான். ஆனா அவனைத் தூரத்திலயே தெரியும், புல்வெளி அகலம், சுத்திப் போகலாம், பிறகு பலம் வந்தாப் போல வந்து பாத்துக்கொள்ளலாம். என்ட மருமகன்ட பண்டி நிண்டது பாலத்தில. பாலத்துக்கு வேற வழி இல்ல. விலகிப் போக இடம் இருக்கிற கஷ்டமும் வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிற கஷ்டமும் ஒரே கணக்கில்ல.

லேசாக்கினா எல்லாம் சரியாகுமா எண்டா அதுவும் இல்ல. டயப்லோ 3, 2012ல வரேக்க முதல் நோர்மல் எண்ட லேசான கட்டத்தை முழுக்க முடிச்சாத்தான் அடுத்த கஷ்டம் திறக்கும், கை பழகினவனுக்கு அது பட்டனை அமத்திக்கொண்டு நித்திரை கொள்ளுற மாதிரி. 2014 பெப்ரவரியில பெரிய அப்டேட் விட்டுத்தான் அதை மாத்தினாங்கள். 2006ல வந்த ஒப்லிவியன்ல வேற பிரச்சினை, நீங்க லெவல் ஏற ஏற எதிரியும் சேந்து ஏறுவான், கடைசியில வழிப்பறிக் கள்ளனே விலை கூடின கவசத்தோட வந்து காசு கேப்பான், அப்ப நான் பட்ட பாட்டுக்கு என்ன பலன் எண்டு கேக்கத் தோணும்தானே. தொடங்க முதலே "லேசு, நடுத்தரம், கஷ்டம், எது வேணும்?" எண்டு கேக்கிற கேமுகளும் எனக்குச் சரிவராது. விளையாடிப் பாக்காதவனுக்கு எப்பிடித் தெரியும்? முதல் அரை மணித்தியாலம் விளையாட விட்டுட்டுக் கேக்கலாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவங்களுக்குத் தெரியும், ஏழு கிணறும் ஒரே சூடு இல்ல. சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனா கையை விட்டுப் பாத்து, சூடு குறைஞ்ச கிணத்துத் தண்ணியைத்தான் முதல் காலில ஊத்துவம். பிள்ளை ஒருக்காக் கத்தும், பிறகு தானே வாளியைப் பறிக்கும். மருமகனுக்கு இதைச் சொன்ன பிறகுதான் அவன் என்னோட இருந்து வேலை செய்ய ஒத்துக்கொண்டான்.

பண்டிட ஹெல்த்தைக் குறைக்கேல்ல. பண்டி முட்டுற அடியை 55ல இருந்து 25 ஆக்கினம். முந்திப் பண்டி பாய முதல் தலையைக் குனிஞ்சது கண்ணுக்குத் தெரியாத வேகம், இப்ப முழுசா ஒரு செக்கன் நிண்டு முன்னங்காலால ரெண்டு தரம் மண்ணைக் கிளறிச் சீறிப் போட்டுத்தான் பாயுது. செத்தா எழும்புற இடத்தைப் பாலத்துக்கு இஞ்சால கொண்டுவந்தம், எட்டே செக்கன்ல திரும்பப் பண்டிக்கு முன்னால நிக்கலாம். முதல் பண்டி இப்ப பாலத்தில இல்ல, குளக்கட்டுக்குக் கீழ வெளியில தனிய நிக்குது. ரெண்டாவது பண்டி பாலை மரத்தடியில, விலகினா மரத்தில மோதித் தலை சுத்தி நிக்கும். பாலத்தில ரெண்டு பண்டி, அதுகள் முதல் பண்டி மாதிரி ரெண்டு தரம் இல்ல, ஒரே தரம்தான் மண்ணைக் கிளறும். இந்தக் கிளறல் அனிமேஷனைச் செய்ய அவனுக்கு ஒரு கிழமை போச்சு, ஆனா முழுக் கேமிலயும் உருப்படியான வேலை அதுதான் எண்டு இப்ப அவனே சொல்லுறான்.

ரெண்டு கிழமையால அதே பெடியனைத் திரும்பக் கூப்பிட்டம். இந்தத் தரம் மருமகனைப் பேசாம நிக்கச் சொல்லிக் கையில ஒரு கொப்பியைக் குடுத்தன். பெடியன் பாலத்தில நாலு தரம் செத்தான். நாலாவது தரம் அவனே "சே, நான் முந்தி உருண்டிட்டன்" எண்டு சொல்லிப்போட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பாக்காம அடுத்ததைத் தொடங்கினான். இருட்டினாப் பிறகு அவன்ட அம்மா வந்துதான் கூட்டிக்கொண்டு போனவ.

ஐயா, உங்கட பேப்பர்ல கேம் பத்தி வாற நேரத்தில கிராஃபிக்ஸ், விலை, எந்தப் போனில ஓடும் எண்டு எழுதுறதோட முதல் மணித்தியாலம் புதுசா விளையாடுறவனுக்கு எப்பிடி இருக்கு எண்டும் நாலு வரி போடுங்க. கிண்ணியாவிலயோ மூதூரிலயோ மட்டக்களப்பிலயோ தனிய இருந்து கேம் செய்யிற பெடியன் பெட்டையளுக்கு அது உதவும். எங்கட கேமில கோயில் மதிலுக்கு மேல இருக்கிற வில்லுக்காரன் இன்னும் திரைக்கு வெளியில இருந்துதான் அம்பு விடுறான், அது சரியில்ல எண்டு நான் சொல்ல மருமகன் ஒத்துக்கொள்ளுறான் இல்ல. வாற சனிக்கிழமை கொன்ட்ரோலரையே தொட்டுப் பாக்காத என்ட ரியூசன் பிள்ளை ஒண்டு வருது, கொப்பி வாங்கி வச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்,
திருகோணமலை.