சந்தோஷம் கடை பாக்கி

அன்புள்ள ஆரோக்கியம்,

நீ பிரான்சில் எழுத்தாளர் ஃப்ளோபேர் வாழ்ந்த க்ருவாஸேயிலிருந்து அனுப்பிய படம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. முட்டி வலி அப்படியே இருக்கிறது. சரசுவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. ராமு திருந்தவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. உன்னிடம் இல்லை, ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி' நாவலின் நாயகி எம்மா பொவாரியிடம். அவளிடம் கேட்க வழியில்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகத்திலிருந்து கடற்கரை வரை அவளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோமே, நினைவிருக்கிறதா? "கொழுப்பெடுத்தவள், வேறென்ன" என்று நான் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னேன். நீ இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீ ஜாவர் சீதாராமன்டா" என்றாய். ராமு இன்றுவரை அதை விடவில்லை. அந்த மனிதருக்காவது 1950-இல் 'ஏழை படும் பாடு' படத்தில் ஈவிரக்கமில்லாத இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரு நாவலை ஒழுங்காகப் படிக்காததால்.

போன மாதம் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. சின்னவன் மனைவி போனிலேயே கடன் வாங்கியிருக்கிறாள். முதலில் பத்தாயிரம். பிடித்தம் போகக் கைக்கு வந்தது ஆறாயிரத்துச் சொச்சம், ஏழு நாள் தவணை. அதை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க மூன்றாவது. நான் கணக்குப் போட்டபோது ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் வந்து நின்றது. அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் "இவள் திருடி" என்று செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. அப்படித்தான் தெரிந்தது.

கூப்பிட்டு உட்காரவைத்து, "எதுக்கும்மா இந்தக் கொழுப்பு?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ராத்திரி பரணில் தேடி, நீ கொடுத்த புத்தகத்தை எடுத்தேன். அட்டை போய்விட்டது, கரையான் போகவில்லை.

டேய், அது கள்ளக்காதல் கதையே இல்லை. கடன் கதை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் கடன் பேரேடு எழுதியவன் நான். என் கண்ணில் எப்படிப் படாமல் போனது? காதலர்கள் ரொதோல்ஃபும் லெயோனும் வருகிறார்கள், போகிறார்கள். வந்த நாளிலிருந்து கடைசிவரை வாசலைவிட்டு நகராதவன் ஜவுளிக்காரன் லெரோ ஒருவன்தான். அந்தப் பெயருக்கு 'சந்தோஷமானவன்' என்று அர்த்தம் என நீதான் சொன்னாய். இனி அவன் எனக்குச் சந்தோஷம்தான். உச்சரிப்புத் தொல்லை விட்டது.

முதல் தடவை அவன் வீட்டுக்கு வரும் இடத்தை எடுத்துப் பார். மூன்று பட்டுக் கழுத்துத் துணி, ஊசி, செருப்பு, கைதிகள் தேங்காய்ச் சிரட்டையில் குடைந்த நான்கு முட்டைக் கிண்ணம். இவ்வளவுதான் சரக்கு. தூசி தட்டுகிற மாதிரி பட்டுத் துணியை நகத்தால் அப்படியே சுண்டுகிறான். எம்மா வேண்டாம் என்கிறாள். அவனுக்குக் கோபமே வரவில்லை. பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வேண்டுமென்றால் நானே உங்களுக்குத் தருவேன் என்கிறான். அன்றைக்கு ஒரு பொருளும் விற்கவில்லை, ஆனால் வந்த வேலை முடிந்துவிட்டது! மருமகளின் போனில் முதல் செய்தியும் ஏறக்குறைய அந்த வாசகம்தான்.

அப்புறம் ரொதோல்ஃப் கைவிட்டு அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது, அவள் புருஷன் டாக்டர் ஷார்ல் அவனிடமே ஆயிரம் பிராங்க் கேட்கிறான். சந்தோஷம் எழுதி வாங்கும் புரோநோட்டு 1,070-க்கு. பழைய பாக்கி 180 சேர்ந்து 1,250. ஆறு சத வட்டி, அதற்குமேல் கமிஷன், சரக்கில் மூன்றில் ஒரு பங்கு லாபம். பன்னிரண்டு மாதத்தில் 130 பிராங்க் நிற்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறான். அதோடு விட்டானா? இவர்களால் கட்ட முடியாது, நோட்டைப் புதுப்பிப்பார்கள், தன் ஏழைப் பணம் டாக்டர் வீட்டில் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் தின்று கொழுத்து, பை கிழிகிற அளவுக்கு ஒருநாள் திரும்பி வரும் என்று நினைத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நாங்கள் இதற்கு புக் அட்ஜஸ்ட்மெண்ட் என்று பெயர் வைத்திருந்தோம். வட்டியை அசலோடு சேர்த்துப் புதுக் கடனாக எழுதி, பழையது தீர்ந்தது என்று சீல் குத்துவோம். மார்ச் மாதம் முழுக்க அதுதான் வேலை. "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க, அவ்வளவுதான்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கூட்டுறவு, குறைந்த வட்டி, எல்லாம் சரி. அந்தக் குரல் இருக்கிறதே, அது என் குரல்.

மாமனார் செத்ததும் எம்மாவைப் பவர் பத்திரம் வாங்கவைக்கிறான். நோட்டுகளை ரூவானில் இருக்கும் வான்சார் என்பவன் பேருக்கு மாற்றிவிட்டு, "என் கையில் ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். கடைசியில் எட்டாயிரம் பிராங்க், இருபத்துநாலு மணி நேரம், ஜப்தி. அவள் வாசல் வாசலாக ஓடுகிறாள். நோட்டரி காலைச் சாப்பாட்டை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் கையைப் பிடிக்கிறான். "நான் பரிதாபத்துக்குரியவள்தான், விலைக்கு இருப்பவள் இல்லை" என்று உதறிவிட்டு வருகிறாள். கொழுப்பெடுத்தவள் பேசுகிற பேச்சா இது? அதற்கு முந்தின நாள்தான், ரூவானில் பணம் கேட்டுக் கிடைக்காமல் திரும்பும் வழியில் குருட்டுப் பிச்சைக்காரனுக்குத் தோளுக்கு மேலாக ஐந்து பிராங்க் நாணயம் ஒன்றை வீசுகிறாள். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதியதற்கு 1857-இல் ஃப்ளோபேரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் விரோதம் என்று அரசு வக்கீல் பினார் முழங்கினார். பிப்ரவரி 7 அன்று விடுதலை. அதே ஆள் அதே வருஷம் கவிஞர் பொத்லேரை மட்டும் விடவில்லை, 300 பிராங்க் அபராதம், ஆறு கவிதைக்குத் தடை. பினாருக்கு எம்மாவின் படுக்கையறை தெரிந்தது, சந்தோஷத்தின் கடை தெரியவில்லை. எனக்கும் அப்படித்தானே. நாவல் முடியும்போது எம்மா இல்லை, ஷார்ல் இல்லை, சாமானெல்லாம் விற்று மிஞ்சிய 12 பிராங்க் 75 சாந்தீம், குழந்தை பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வண்டிச் சத்தத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை பஞ்சாலைக்கு. சந்தோஷம் கோச்சு வண்டி விட்டு ஓகோ என்று இருக்கிறான்.

நீ அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். நதிக்கரையில் அந்தச் சின்ன மண்டபம் மட்டும் நிற்கிறது, வீட்டைக் காணோம். 1875-இல் தங்கை மகள் கரோலினின் புருஷன் திவாலாகப் போனபோது ஃப்ளோபேர் தோவில் பண்ணையை விற்றுக் கொடுத்தார். அவர் 1880-இல் போன பிறகு வீடும் கைமாறி, இடித்துத் தொழிற்சாலை கட்டிவிட்டார்கள். கடனைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியவருக்கே கதி இது. நான் விற்கப் பண்ணை இல்லை, வைப்புத்தொகை ஒன்றை முறித்தேன். சரசு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போலீசில் சைபர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். மிரட்டல் நின்றிருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேற்று மேஜைமேல் இருந்த புத்தகத்தைக் காணோம். மருமகள் எடுத்துப் போயிருக்கிறாள். இன்று காலை காபி கொடுக்கும்போது, "மாமா, இந்தத் துணிக்கடைக்காரன் இருக்கானே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சம்பவத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. பாதியில் இருக்கிறாள். கடைசி அத்தியாயங்களில் எம்மா விஷம் எடுக்க மருந்துக்கடைப் பையன் சாவி கொடுக்கும் இடம் இருக்கிறது. அதற்குமுன் புத்தகத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா, அல்லது அவள் படிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா? சின்னவனிடம் கேட்டால் பயந்துவிடுவான். நீ பதில் எழுதிக்கொண்டிருக்காதே, இதைப் பார்த்ததும் போன் பண்ணு. உனக்கு அகாலமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை.

அன்புடன்,
வைத்தி