ஞாயிறன்று பூட்டிய கதவு: கலை அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகப் பொறுப்பாளர் அவர்களுக்கும் ஆட்சிக்குழுவினருக்கும், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஓவிய ஆசிரியரின் வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் அருங்காட்சியகத்தில் நடந்த நீலகிரிப் பழங்குடி ஓவியக் கண்காட்சியைப் பற்றி நான் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான படங்களைத் தேடித் தங்கள் மாணவர்கள் மலையேறி வந்தபோது, அவர்களைக் குறும்பர் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்றவர்களில் நானும் ஒருவன். அழைப்பிதழில் தொடக்க நாள், நிறைவு நாள், காலை 10 முதல் மாலை 4.30 வரை என்ற நேரம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'அனைவரும் வருக' என்ற வரி, எல்லாம் இருந்தன. அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் நாங்களும் அடங்குவோம் என்று நம்பியது எங்கள் பிழைதான்.

கண்காட்சியின் நடுவே வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் புறப்பட்டோம். வேறு நாள் எங்களுக்கு இல்லை. என் மாணவர்கள் பதினொரு பேர், தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் தாய்மார்கள் ஆறு பேர், தங்கள் சுவரில் தொங்கும் படங்களை வரைந்தவர்கள் இருவர். ஆளுக்கு 250 ரூபாய் போட்டு வேன் பிடித்து, விடியுமுன் கிளம்பி, மேட்டுப்பாளையம் வரையிலான 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்த பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டு, தங்கள் வளாகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு சிறிய பலகை: ஞாயிறு விடுமுறை.

காவலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் யாருக்கோ இருமுறை தொலைபேசியில் பேசிப் பார்த்தார்; பிறகு பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். கூடத்தின் முகப்பு முழுவதும் கண்ணாடி என்பதால், எங்களுடன் வந்த முதியவர் இரு கைகளையும் கண்ணுக்கு இருபுறமும் அணையாக வைத்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி முட்ட உள்ளே பார்த்தார். பாறை முகட்டிலிருந்து கொடிக்கயிற்றில் தொங்கித் தேனெடுக்கும் ஆட்களை அவர் வரைந்திருந்தார். வேங்கை மரத்துப் பிசினில் எடுத்த அந்தச் செம்பழுப்பு நிறத்தை இருபதடி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, "அந்த மூலையில இருக்கறது நம்ம தேன்பாறை" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். படத்தின் கீழே தன் பெயர் எழுதியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கண்ணாடியில் விழுந்த வெயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கும் என்று சொல்லிவைத்தேன். இன்று வரை அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தாங்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து வையுங்கள்.

ஊழியர்களுக்கும் ஓய்வு வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு ஞாயிறன்று திறக்கிறது. தில்லியின் தேசிய அருங்காட்சியகம் திங்களன்று மூடுகிறது. பல்கலைக்கழக அருங்காட்சியகம் வேறு வகை என்றால், 1683-இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் திறந்த ஆஷ்மோலியனைப் பாருங்கள். 1710-இல் அங்கே போன ஜெர்மானிய அறிஞர் ஒருவர், அன்று சந்தை நாள் என்பதால் நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் கூடத்தை நிறைத்திருந்தார்கள் என்று சலித்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சந்தைக்கு வந்தவர்கள் நுழைய முடிந்த இடம் அது. தங்கள் கூடத்தைப் பற்றி அப்படிச் சலித்துக்கொள்ள எந்த அறிஞருக்கும் இதுவரை வாய்ப்புக் கிடைத்திருக்காது.

பொது நிகழ்ச்சிகளின் கதையும் இதுதான். கண்காட்சியை ஒட்டித் தாங்கள் நடத்திய கருத்தரங்கு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. தலைப்பு, 'கலையும் பொதுமக்களும்'. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், பொதுமக்களைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள் என்று நாளிதழில் படித்தேன். அந்நேரம் பொதுமக்கள் இங்கே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் நின்றிருந்தார்கள். புதன்கிழமை வேலையை விட்டால் அன்றைய கூலி போயிற்று, பிள்ளைகளுக்கோ பள்ளி.

மலையிலிருந்து கீழே போனது திரும்பி வராது என்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் இங்குள்ள பழைய கல்லறை மேடுகளைத் தோண்டியெடுத்த பொருள்களும், எருமையும் மனிதரும் மூடிமேல் நிற்கும் மட்கலங்களும் சென்னைக்குப் போயின. அவரைப் போலத் தோண்டியவர்கள் எடுத்தவற்றில் சில கடல்கடந்து இலண்டனுக்கே போயின. 1873-இல் அவருடைய நூலும் வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் அவற்றைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். இன்று பிசினிலும் இலைச்சாற்றிலும் வரைந்த படங்களும் அந்த வழியே இறங்குகின்றன. என் கோபம் வேறெங்கோ போகிறது, பொறுத்தருளுங்கள். பிரீக்ஸ் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல.

தாங்கள் பொறுப்பாக இருப்பது ஒரு கதவுக்கு மட்டும். ஞாயிறு திறந்து திங்கள் மூடினால் செலவு ஒரு காசும் கூடாது. ஆண்டு முழுவதும் இயலாதென்றால், கண்காட்சி நடக்கும் வாரங்களிலாவது ஞாயிறு திறக்கலாம். கூடத்தில் நின்று விளக்கம் சொல்லத் தங்கள் ஓவியத்துறை மாணவர்கள் மனமுவந்து வருவார்கள் என்பதை அவர்களுடன் மலையில் நடந்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும். அதுவும் இயலாதென்றால், குறைந்தது 'அனைவரும் வருக' என்ற வரிக்குக் கீழே 'ஞாயிறு தவிர' என்று அச்சிட்டுவிடுங்கள். வேன் வாடகை மிச்சமாகும்.

அந்த முதியவரின் படம் இன்னும் தங்கள் கூடத்தில்தான் இருக்கிறது என்று அறிகிறேன். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் குறித்துப் பத்து நாள் முன்னதாக ஒரு அஞ்சலட்டை போட்டால் போதும். வேனுக்கு நாங்கள் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.