தாய்க்குப் போடும் ஊசி, பிள்ளையின் மூச்சுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இன்குபேட்டர், வென்டிலேட்டர் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட, பிறப்பதற்கு முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

1984இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும். மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். வார்டு வாசலில் நிற்கும்போதே அந்த முனகல் காதில் விழும். மூன்று நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். பல பிள்ளைகள் தாண்டவில்லை. கீழ்த்தளத்தில் பால் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் தாயிடம் போய்ச் சொல்லும் வேலை அடிக்கடி எனக்குத்தான் வரும்.

இதற்கான வழி 1972லேயே அச்சில் வந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு வகை ஹார்மோன் கொடுத்தபோது அது முன்கூட்டியே பிறந்தது. அவ்வளவு சீக்கிரம் பிறந்த குட்டியின் நுரையீரல் விரிந்தே இருக்கக் கூடாது. ஆனால் அது மூச்சு விட்டது. அவர் தேடியது வேறு, கண்ணில் பட்டது வேறு. பட்டதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டாரே, அதற்காகவே அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் வேண்டும். கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு ஊறும். ஸ்டீராய்டு அந்த வேலையை முன்கூட்டியே நடக்க வைக்கிறது. லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். எதிர்பாராமல் முன்கூட்டியே நடந்த பிரசவங்களில், ஊசி போடாதவர்களின் பிள்ளைகளில் 15 சதவீதம் முதல் நாட்களிலேயே இறந்தன. போட்டவர்களிடம் 3.2 சதவீதம்.

அப்புறமும் 20 ஆண்டுகளுக்கு மேல் பல மருத்துவமனைகள் தயங்கின. தாய்க்குக் கிருமித் தொற்று வருமோ, பிள்ளை வளர்ந்தபின் ஏதாவது ஆகுமோ என்ற பயம். தனித்தனியாக நடந்த சிறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பிறகே பலன் ஐயமில்லாமல் தெரிந்தது. 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரிந்துரைத்தது. நான் இருந்த இடத்தில் வழக்கத்துக்கு வர இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. அந்த முனகல் குறைந்ததை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் என் காதே சொன்னது. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான விஷயம் நேரம். இதற்கு இரண்டு ஸ்டீராய்டு மருந்துகள் உண்டு. பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒன்றாக நான்கு. லிகின்ஸின் ஆய்விலேயே, 32 வாரத்துக்கு முன் பிறந்தும் ஊசிக்குப் பிறகு ஒரு நாளாவது கருவில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் மூச்சுத்திணறல் வெகுவாகக் குறைந்தது. 30 வாரக் கர்ப்பிணி ஒருத்தி, பனிக்குடம் காலையிலேயே உடைந்தும், வலி இல்லையே என்று இரவுவரை வீட்டிலேயே இருந்துவிட்டாள். வந்ததும் ஊசி போட்டோம். நாற்பது நிமிடத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. அந்த ஊசிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை. அவளிடம் தப்பு இல்லை. நீர் போனால் உடனே வா என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போட்டுவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும், பிரசவம் நெருங்குவது உறுதியாக வேண்டும், பிறந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வசதி வேண்டும். ஆறு நாடுகளில் பரவலாகக் கொடுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் பலன் இல்லை, பச்சிளங்குழந்தை இறப்பு கூடவே செய்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளில் கவனமாக ஆளைத் தேர்ந்து கொடுத்தபோது இறப்பு குறைந்தது, தாய்க்குத் தொற்றும் கூடவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கட்டுரைக்குள் ஒரு சிறு பெட்டி போடுங்கள், ஐயா. 37 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்து நீர் போனாலும், விட்டுவிட்டு அடிவயிறு இறுகினாலும், இடுப்பு வலி விடாமல் இருந்தாலும், ரத்தம் பட்டாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்று பெரிய எழுத்தில் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்