பட்டன் வந்தது, கிளிக் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில், நிரல் வழியே உருவாக்கிய பட்டனை அழுத்தினால் கிளிக் நிகழ்வு ஓடாமல் போவது பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியவர், பழியை உலாவி மீது போட்டிருக்கிறார். உலாவி பாவம், கோளாறு சர்வர் பக்கம்.

ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும், அதாவது பக்கம் சர்வருக்குத் திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும், சர்வரில் பக்கம் புதிதாகப் பிறக்கிறது. ஒரு போஸ்ட்பேக்கிலிருந்து அடுத்ததற்குத் தகவலைக் கொண்டு செல்லும் வியூஸ்டேட், பட்டனின் மதிப்புகளைத்தான் சுமக்கும், பட்டனை அல்ல. எனவே இன்னொரு பட்டனின் கிளிக்கில் உருவாக்கியது அப்போது திரையில் தெரியும். அடுத்த போஸ்ட்பேக்கில் இருக்காது, அதன் நிகழ்வும் தொலையும். பக்கம் உருவாகும் தொடக்கக் கட்டமான பேஜ் இனிட்டில் அதை மறுபடி உருவாக்கி, முன்பிருந்த அதே ஐடியைக் கொடுத்து, கிளிக்குக்கு ஓட வேண்டிய நிரலான ஹேண்ட்லரை இணைத்து, பட்டன் முன்பு இருந்த அதே கன்டெய்னரில் சேர்க்க வேண்டும். ‘போஸ்ட்பேக் இல்லையென்றால் மட்டும்’ என்ற நிபந்தனைக்குள் இதை வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

எத்தனை பட்டன் என்ற எண்ணிக்கை வியூஸ்டேட்டில் இருந்தால், இனிட்டில் அது கைக்கு வராது, அதற்குப் பின் வரும் லோட் கட்டத்தில் பட்டன்களை உருவாக்கலாம். கிளிக் நிகழ்வு லோடுக்குப் பிறகே எழுவதால் அது தாமதமில்லை. நிகழ்வுகள் முடிந்தபின் வரும் ப்ரீரெண்டர் கட்டம் வரை தள்ளினால் போச்சு.

ஒரே மாதிரியான பட்டன் வரிசைதான் தேவையென்றால் தரவுக்கேற்ப வரிசையை உருவாக்கும் ரிப்பீட்டரும், அதன் பட்டன்களின் கிளிக்கை ஒரே இடத்தில் பெறும் ஐட்டம்கமாண்ட் நிகழ்வும் போதும். இத்தனை வேலையும் மிச்சம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்