டோர்னக்கல் பக்கத்துச் சபைக்கு ஒரு கூரை: நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், வெளியூர்களில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டட உதவிக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெலங்கானாவில் டோர்னக்கல் பக்கம் ஒரு சிற்றூர்ச் சபைக்கு 30 அடிக்கு 20 அடியில் ஒரு ஜெபக்கூடம் கட்ட வேண்டும். மதிப்பீடு 9,40,000 ரூபாய். அந்தச் சபையார் சேர்த்து வைத்திருப்பது 1,35,000. நம் கைக்கு இதுவரை வந்தது 2,10,000. மீதி 5,95,000 ரூபாய்க்காகத்தான் இந்தக் கடிதம். ஊரின் பெயரைப் போடாதது அந்தச் சபையார் கேட்டுக்கொண்டதால். நேரில் வந்து கேட்டால் சொல்கிறோம்.

போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி எழுந்து, "நம்ம கோயில் காம்பவுண்டுச் சுவரே காரை உதிர்ந்து கிடக்கு, தெலுங்கு நாட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் சபைகள் எழும்பியது பெரும்பாலும் வெளியார் துணையோடு. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. உபதேசியார் சுந்தரானந்தம் தாவீதின் முயற்சியில் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்ற ஊர் உண்டானது. இவை நம்மவர் போட்ட விதை. ஆனால் 1820இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்த பிறகு ஊர் ஊராகச் சபை பெருகியபோது, நிலம் வாங்கவும் பள்ளி வைக்கவும் பணம் கடல் தாண்டித்தான் வந்தது. டோனாவூர் என்ற பெயரைப் பாருங்கள். அது தமிழ்ப் பெயரே இல்லை. அந்த நிலத்தை வாங்கப் பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயர். பிரஷ்யாவில் இருந்த ஒரு மனிதர் கொடுத்த காசில் நம் ஆட்கள் குடியிருக்க ஒரு ஊர் கிடைத்தது. அவருக்கு நம்மைத் தெரியாது, நம் பனங்காட்டைத் தெரியாது.

வாங்கிய கை கொடுக்கும் கையாக மாற எண்பது வருஷத்துக்கும் மேல் ஆனது. வெள்ளாளன்விளை குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வேறு இடத்துக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரைக் குத்தியிருக்க வேண்டும். திரும்பி வந்து, 1903 பிப்ரவரி 12ஆம் தேதி, நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்: இதுதான் ஏற்பாடு. சாமுவேல் பாக்கியநாதன் என்பவரை முதல் மிஷனெரியாக, அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கலுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் யாரும் பிரபுக்கள் இல்லை. பனையேறிகளும், வாத்தியார்களும், சம்பளம் குறைந்த உபதேசிமாரும்தான்.

அடுத்தவரை அனுப்பிவிட்டு அசரியா சும்மா உட்காரவில்லை. 1909இல் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு தாமும் அங்கேயே போனார். முப்பத்தைந்து வயதில் புது ஊரில் தெலுங்கு பேசி வாழத் தொடங்கினார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா பேராலயத்தில் டோர்னக்கல் பேராயராக அபிஷேகமானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. 1945 ஜனவரி 1ஆம் தேதி அவர் இறந்தபோது அந்த அத்தியட்சாதீனத்தில் (பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதியில்) கிறிஸ்தவர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

அத்தனை பெருக்கமும் பேராயர் ஒருவரால் வந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே கை வைத்து, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி செய்வாராம் அசரியா. சொன்னவர்கள் பெரும்பாலும் தெலுங்கு நாட்டில் ஒடுக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா வகுப்பைச் சேர்ந்த, சொந்த நிலம் இல்லாத கூலி மக்கள். களை பறிக்கவும் கதிர் அறுக்கவும் போன ஊர்களிலும், பெண் கொடுத்த ஊர்களிலும் அவர்கள் வாய்வழியாகவே சபைகள் முளைத்தன. வெள்ளைக்காரரைக் கண்ணால் பார்க்காமலே எத்தனையோ சபைகள் உண்டாயின. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் வீட்டுப் பிடி அரிசிப் பானை ஞாபகம் வருகிறதா? அதே வழக்கம்தான்.

போன பிப்ரவரியில் குழுவிலிருந்து மூன்று பேர் எங்கள் சொந்தச் செலவில் போய்ப் பார்த்து வந்தோம். டோர்னக்கல் ஜங்ஷனில் இறங்கி, முதலில் பேராலயத்தைப் பார்த்தோம். மசூதியைப் போல் குவிமாடம், கோயில் மண்டபத்தைப் போல் தூண்கள். 1939இல் பிரதிஷ்டை செய்தது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துச் சிற்றூருக்குப் போனால், சபை கூடுவது ஒரு வீட்டின் முன் இறக்கிய தகரச் சாய்ப்பில். 31 குடும்பங்கள். சாய்ப்புக்குள் பாதிப்பேர், வெயிலில் பாதிப்பேர். அது மிளகாய் அறுவடைக் காலம். முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாட்டு பாடும்போது காற்று திரும்பியது. நெடியில் பாட்டு இருமலாக முடிந்தது. எங்களுக்குக் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, தமிழ்நாட்டு ஐயாமார் உருகிவிட்டார்கள் என்று ஒரு அம்மா தெலுங்கில் சொன்னார்களாம். மொழிபெயர்த்த தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். மழைக்காலத்தில் தகரத்தில் விழும் சத்தத்தில் வேதவாசிப்பே கேட்காது, மழை விடும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம் என்றார்கள்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு விதவைத் தாயார் மூன்று குண்டா நிலம் கொடுத்திருக்கிறார்கள். நம் கணக்கில் ஏழரை சென்ட். பத்திரம் பதிவாகிவிட்டது, நகலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாயார் வீட்டுக் கதவோரம் ஒரு பழைய எண்ணெய் டின் இருந்தது. உள்ளே அரிசி. "குப்பெடு பிய்யம்" என்று கையைக் குவித்துக் காட்டினார்கள். ஒரு பிடி அரிசி. 1,35,000 ரூபாயில் பாதிக்கு மேல் இப்படி வீட்டுக்கு வீடு டின்னில் சேர்ந்த அரிசியை விற்று வந்தது. மீதி மிளகாய் பறிக்கும் கூலியிலிருந்து.

இவ்வளவு சின்னக் கூடத்துக்கு ஒன்பது லட்சமா என்று கேட்பீர்கள். அங்கே கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரத்தை ஆழமாகப் போடாவிட்டால் மூன்றாம் வருஷம் சுவரில் விரல் நுழையும். அதனால் அஸ்திவாரத்துக்கே இரண்டரை லட்சம் ஆகிறது. குழி தோண்டும் வேலையைச் சபையாரே செய்வதாகச் சொன்ன பிறகு வந்த கணக்கு இது. மேலே கான்கிரீட் கூரை. கோபுரம் கிடையாது, டைல்ஸ் கிடையாது. இடையன்குடி ஆலயத்தைக் கால்டுவெல் ஐயர் 33 வருஷம் கட்டினார். நமக்கு அந்தப் பொறுமையும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை. அடுத்த மழைக்கு முன் கூரை போட்டால் போதும்.

பணம் எதற்குப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். யாரையும் சபைக்கு இழுக்க அரிசி, துணி, வேலை என்று எதுவும் கொடுக்க இதில் ஒரு பைசா கிடையாது. அந்தச் சபையாரும் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டோம். ஊழியர் சம்பளத்துக்கும் இதிலிருந்து போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். நம் குழுவுக்கு வெளிநாட்டு நிதி வாங்கும் பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், ஊரில் இருக்கும் தம்பி பெயரில் சுற்றி அனுப்பவும் வேண்டாம். மனவருத்தம் கொள்ளாதீர்கள், சட்டம் அப்படி. வருமான வரி விலக்கு ரசீதும் எங்களால் தர முடியாது.

ஒரு ஆள் ஒரு லட்சம் கொடுப்பதைவிட, நூறு வீடு ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பதையே குழு விரும்புகிறது. லட்சம் வந்தால் திருப்பி அனுப்ப மாட்டோம், அது வேறு. ஒரு மூட்டை சிமெண்ட் 400 ரூபாய் சுமாருக்கு வருகிறது; பிள்ளைகள் உண்டியலை உடைத்து இரண்டு மூட்டைக்குக் கொடுத்தாலும் அவர்கள் பெயரில் ரசீது உண்டு. போன ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே நாட்டுக்கோழி முட்டையை எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, அடுத்தவர் எடுக்க, அப்படியே 6,200 ரூபாய் வரை போனது ஞாபகம் இருக்கும். இந்த வருஷ ஏலத்தில் வாழைத்தார், முருங்கைக்கட்டு, கருப்பட்டி, சேவல் எது கொண்டுவந்தாலும் அந்தப் பணம் முழுவதும் இதற்கே என்று கமிட்டியில் தீர்மானமாகிவிட்டது. வீட்டில் பிடி அரிசி எடுத்து வைக்க விரும்பும் தாய்மாருக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் துணிப்பை கொடுக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் மணிக்கூண்டு வேலைக்கு வசூலித்தபோது கணக்கை எட்டு மாதம் தாமதமாக வாசித்தோம். பணம் எங்கும் போகவில்லை, ஆனால் தாமதம் எங்கள் தவறுதான், பேச்சு வாங்கியதும் சரிதான். இந்தத் தடவை மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரவு செலவு வாசிக்கப்படும். அங்கிருந்து வரும் பில்களைப் பலகையில் பார்க்கலாம்.

அப்புறம், காசு இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூரைக் கான்கிரீட் போடும் வாரம் பத்துப் பேர் போய் நான்கு நாள் கூடமாட நிற்கத் திட்டம். கொத்தனார் வேலை, கம்பி கட்டும் வேலை தெரிந்தவர்கள் முன்னால் வாருங்கள். ரயில் டிக்கெட் அவரவர் பொறுப்பு; சாப்பாடு அந்தச் சபையார் பொறுப்பு, காரம் அதிகமாக இருக்கும்.

நன்கொடையை ஞாயிறு ஆராதனைக்குப் பின் பொருளாளரிடமோ, வார நாட்களில் சேகர (குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டார) அலுவலகத்திலோ கொடுக்கலாம். ரசீதுப் புத்தகம் மூன்றுதான் அச்சடித்திருக்கிறோம், மூன்றிலும் சேகர முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத ரசீதுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பொருளாளர் அவசரத்தில் ரசீது தர மறந்தால் நிறுத்திக் கேட்டு வாங்குங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
கட்டட உதவிக் குழுவுக்காக,
செயலாளர்