கிளைடர் கனோப்பி விலை பற்றி நம் கடை வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய கிளைடர் (எஞ்சின் இல்லாமல் பறக்கும் சிறு விமானம்) ஒன்றுக்கு நாங்கள் செய்துவரும் கனோப்பியை, அதாவது ஓட்டுபவர் இருக்கைக்கு மேலே வரும் ஒளி ஊடுருவும் மூடியைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு இவ்வளவா? பீன்யாவில் பகல் கொள்ளை" என்று. போர்டு வேலைக்கும் மீன் தொட்டிக்கும் வருகிறவர்கள்கூட போனை நீட்டி, "என்னண்ணே இது?" என்று கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தக் கிளைடர் கார்த்திக் ரகம். மரத்தால் ஆனது, ஒருவர் மட்டும் உட்காரலாம். 1963இல் முதலில் பறந்த வடிவம். டில்லி சஃப்தர்ஜங்கில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி என்று நட்சத்திர வரிசையில் பெயர் வைத்த கிளைடர்களில் ஒன்று. ஆயிரக்கணக்கில் செய்து குவித்த ரகமல்ல. ஷ்லைகர் கா 6 போன்ற ஜெர்மன் ரகம் என்றால் ஐரோப்பாவில் அச்சு வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்கலாம். இதற்கு அந்த வழியும் இல்லை. இன்னொரு கார்த்திக்கின் கனோப்பியைக் கழற்றிப் போடலாமே என்கிறார்கள். கையால் இழைத்த மரச் சட்டம், ஒன்றின் அளவு மற்றதற்கு அப்படியே உட்காராது.

சரி, விலைக்கு வருகிறேன். என் மனதை உறுத்துவது, அந்த வாட்ஸ்அப் செய்தியில் வரும் "வளைத்துக் கொடுக்க என்ன கஷ்டம்" என்ற வரிதான். விரிசல் விட்ட பழைய கனோப்பியை ஒட்டி, அதன் மேல் ஃபைபர் பிரதி எடுத்து, அதிலிருந்து அச்சு செய்கிறோம். அச்சின் மேல் மென்மையான ஃபிளானல் துணி போர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சின்ன மேடு பள்ளமும் கண்ணாடியில் பதிந்துவிடும். ஷீட், வார்த்து எடுத்த காஸ்ட் அக்ரிலிக்காக இருக்க வேண்டும். போர்டுக்குப் போடும், இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த மலிவான எக்ஸ்ட்ரூடட் ஷீட் சூட்டில் ஒரு பக்கமாக அதிகம் சுருங்கும். காஸ்ட் ஷீட்டும் முதல் சூட்டில் இரண்டு சதவீதம் அளவுக்குச் சுருங்கும், ஆனால் சீராக. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சும், அதனால் மழைக்காலத்தில் முதலில் உலர்த்தியாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே குமிழ் வரும். அப்புறம் 160 டிகிரி வாக்கில் ஈரத் துணி போலத் தொங்கும் ஷீட்டை நான்கு பேர் பிடித்து, ஆறுவதற்குள் அச்சில் படிய வைக்க வேண்டும். ஒரு இடத்தில் அலை விழுந்தாலும் அது குப்பைதான். தரையிறங்கும்போது ஓடுபாதையை அந்தக் கண்ணாடி வழியாகத்தானே பார்க்க வேண்டும்? பறக்கிறவர் கண்ணை ஏமாற்றும் கனோப்பியை என் கடையிலிருந்து அனுப்ப மாட்டேன்.

அதோடு முடியவில்லை. உள்ளே தங்கிய இறுக்கம் போக 80 டிகிரியில் மணிக்கணக்காக வைத்து மெதுவாக ஆற விடுகிறோம். இந்த வேலையை விட்டால் சில மாதங்களில் நூல் நூலாக விரிசல் ஓடும். திருகுத் துளைகளையும் வேண்டுமென்றே திருகைவிடப் பெரிதாகப் போடுகிறோம். அதையும் அந்தச் செய்தியில் "அளவு தெரியாத வேலை" என்று எழுதியிருக்கிறார்கள். 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கிப் பிடித்தால் உடைய வேண்டியதுதான்.

கனோப்பி வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதையும் மேலே படவிடாதீர்கள். மென்மையான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். வெயிலில் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், அந்த வளைவு வெயிலைக் குவித்து இருக்கையையே கருக்கிவிடும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும், "உங்கள் கை வேலை எங்களுக்குத் தெரியும்" என்று போன் செய்தவர்களுக்கும், என் அப்பா காலத்திலிருந்து அல்சூரிலிருந்து பீன்யா வரை தேடி வரும் குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கொடுக்கும் போர்டு வேலைகளால்தான் இப்படிப்பட்ட அபூர்வ வேலையை ஏற்க முடிகிறது. பெரிய ஓவன் இதில் மாட்டியிருப்பதால் போர்டு ஆர்டர்கள் சற்றுத் தள்ளிப்போகலாம், அடுத்த மாதம் முதல் வளைவு வேலைகளுக்கு முன்பணம் பாதியிலிருந்து முக்கால் பங்காகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் சனிக்கிழமை மாலையில் கடைக்கு வாருங்கள். அச்சு இருக்கிறது, அலை விழுந்து ஒதுக்கிய ஷீட்டுகளும் இருக்கின்றன, ஷீட் வாங்கிய பில்லும் இருக்கிறது. எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்ரிலிக் கடைக்காரர்
பீன்யா, பெங்களூரு