நந்தி தெரியாத நாட்களுக்கு ஒரு கல்

மேட்டூர் அணையைப் பராமரிக்கும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் காவிரியின் கடைமடைக்காரன். காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. 120 அடி, அதாவது அணை நிறைந்துவிட்டது என்றால் அன்றைக்கு டீ கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

அணையைக் கட்டியவர்களின் பெயருக்குக் குறைவில்லை. 1925-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்துவைத்த ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கே போய்விட்டது. பொறியாளர் கர்னல் எல்லிஸின் பெயர் உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகில் நிற்கிறது. சரி, இருக்கட்டும். 93.47 டி.எம்.சி. தண்ணீருக்கு இடம்விட்டு எழுந்து போன ஊர்களின் பெயர் எங்கே நிற்கிறது?

நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வருகிறது. பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் தெரிகிறது. இப்போதைக்கு அவைதான் அந்த ஊர்களின் நினைவுச் சின்னம். ஆனால் அவை எங்களுக்கு ஆகாத காலத்தில்தான் தலைகாட்டும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், வழக்கமாகப் பாசனத்துக்குத் திறக்கும் ஜூன் 12-இல் அணையைத் திறக்க முடியவில்லை, எங்கள் பக்கம் குறுவை படுத்தது. அந்த வறட்சியில்தான் நந்தியோடு நின்று படம் எடுக்கக் கூட்டம் போனது. அணை நிறைந்தால் நாங்கள் நாற்று விடுவோம், நந்தியை மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மறந்திருந்தேன்.

அதனால் ஒரு கல் கேட்கிறேன். அணைப் பூங்காவில் வேண்டாம், அங்கே வருகிறவர்கள் மீன் வறுவலைத் தேடிப் போய்விடுவார்கள். பண்ணவாடிக் கரையில், பரிசலுக்குக் காத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி, 120 அடி நீர்மட்டத்துக்கு மேலே நடுங்கள். தகரப் பலகை நான்கு மழைக்குத் தாங்காது, கருங்கல்லாக இருக்கட்டும். நந்தி மீதோ கோபுரத்திலோ ஆணி, பெயின்ட் எதுவும் படக் கூடாது.

கல்லில் மூழ்கிய ஊர்கள் ஒவ்வொன்றின் பெயரும் தமிழில் வேண்டும். நிலம் எடுத்தபோது எழுதிய பழைய ஆவணங்களில் அவை இருக்கத்தான் செய்யும். பக்கத்திலேயே ஓர் அளவுகோல் செதுக்குங்கள்: நீர்மட்டம் எத்தனை அடிக்கு இறங்கினால் கோபுரம் தெரியும், எத்தனை அடியில் நந்தி தெரியும் என்று. அதைத் துல்லியமாக அளந்து சொல்ல உங்களால்தான் முடியும். அப்புறம், திறந்துவைப்பவரின் பெயரைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

2034-இல் அணைக்கு நூறு வயது. விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊர்களை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் சுற்றுவட்டாரத்தில் இருப்பார்கள். ஊர்ப் பெயர்களைக் கல்லில் வெட்டும் முன் அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
மேட்டூர்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவன்